ஒரு நடைபாதைக் கல்லுக்கு இரண்டு கவுன்சில்

கடந்த ஒன்றரை வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு, இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் கவுன்சில் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். சேவை எனக்கில்லை, சின்னம்மாவுக்கு. சித்தப்பா தவறிப்போய்விட்டார், அவர்களின் மகள் கனடாவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், சின்னம்மாவுக்கு 76 வயது, கணினியைக் கண்டால் கை நடுங்கும். நான் வீட்டில் இருந்தே கணக்கு வேலை பார்ப்பவன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னைத் தூக்கி வளர்த்தவர் சின்னம்மா. ஆகவே அவருடைய வரி, குப்பை, வீதி, மருந்துக் கடிதம் எல்லாம் இப்போது என் பொறுப்பு. அவர்கள் காலை 9 மணிக்குத் தொலைபேசியை எடுக்கத் தொடங்கும்போது எங்களுக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. சோறு சாப்பிட்டுவிட்டு இயர்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சரி.

சின்னம்மா "கவுன்சில்" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அங்கே இருப்பது இரண்டு சபை. ஊரும் அதைச் சுற்றிய பகுதியும் ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்குள் வரும், அதற்கு மேலே, பல டிஸ்ட்ரிக்டுகள் சேர்ந்த கவுண்டி என்ற பெரிய பகுதி முழுவதற்கும் ஒரு கவுண்டி கவுன்சில். குப்பை எடுப்பது டிஸ்ட்ரிக்ட், எடுத்த குப்பையை எங்கே கொண்டுபோய் என்ன செய்வது என்பது கவுண்டி. வீடு கட்ட அனுமதி தருவது டிஸ்ட்ரிக்ட், வீட்டுக்கு முன்னால் போகும் வீதி கவுண்டி. கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரியின் பில் டிஸ்ட்ரிக்டில் இருந்து வருகிறது, ஆனால் அந்தப் பணத்தில் பெரும் பங்கு கவுண்டிக்குத்தான் போகிறது, ஏனென்றால் முதியோர் பராமரிப்பு, பிள்ளைகள் பாதுகாப்பு, பாடசாலை, நூலகம் என்று செலவு கூடின வேலைகள் எல்லாம் அவர்கள் கையில். லண்டனில் இருக்கிற நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. ஹரோவில் இருந்தாலும் நியூஹாமில் இருந்தாலும் அவர்களுடைய பரோ கவுன்சில் ஒன்றே இவை அனேகமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சேவைகளுக்கு ஐந்துக்கு எத்தனை என்று என் மதிப்பெண்ணைப் போடுகிறேன், நல்லதை முதலில் சொல்கிறேன். சித்தப்பாவின் மரணத்தைப் பதிந்த அன்று பதிவாளர் ஒரு இலக்கத்தைக் கொடுத்தார். 'டெல் அஸ் வன்ஸ்' என்று ஒரு சேவை, ஒரு தடவை சொன்னால் போதும் என்று அர்த்தம். அந்த இலக்கத்தை வைத்து ஓய்வூதியம், கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், கவுன்சில், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரே இருப்பில் அறிவித்துவிடலாம். சின்னம்மா வட்ஸ்அப்பில் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க நான் இங்கிருந்து நிரப்பினேன். அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

இதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், அப்பா இறந்தபோது அம்மாவோடு நான் இங்கே ஏறி இறங்கிய படிகள். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், அதற்கு மேலே ஒரு கையொப்பம், வங்கி, அப்புறம் வீட்டுக்குக் கட்டும் சோலைவரிக்குப் பெயர் மாற்ற இன்னோர் அலுவலகம், அங்கே மூலப் பிரதிதான் வேண்டும் என்று திருப்பி அனுப்ப மறுநாள் மீண்டும். ஒவ்வொரு மேசையிலும் அம்மா "அவர் இறந்துவிட்டார்" என்று வாயால் சொல்லவேண்டி இருந்தது. ஐந்தாவது மேசைக்கு வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து மரணச் சான்றிதழை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு பெண்ணை ஒரே துக்கத்தை ஐந்து தடவை சொல்ல வைக்காத ஒரு ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்காமல் என்ன செய்வது.

டிஸ்ட்ரிக்டின் குப்பைச் சேவையும் அதே தரம். தபால் குறியீட்டை அடித்தால் எந்தக் கிழமை எந்த நிறப் பின் (குப்பைத் தொட்டி) என்று வருடம் முழுவதற்கும் நாட்காட்டி வரும். சில்லு வைத்த அந்தப் பெரிய பின்னைச் சின்னம்மாவால் தெருவரை உருட்டிப் போகமுடியாது என்பதால் உதவியோடு எடுக்கும் சேவைக்கு விண்ணப்பித்தேன். சின்னப் படிவம்தான். அடுத்த கிழமையே ஆட்கள் வீட்டுப் பக்கச் சுவரோரம் வந்து பின்னை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஒருமுறை மறந்து போனார்கள். இணையத்தில் அறிவித்தேன், மறுநாள் காலை வந்துவிட்டார்கள். வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் கவுன்சில் டாக்ஸில் 25 வீதம் குறைப்பார்கள், அதுவும் கேட்ட உடனே கிடைத்தது. (நம்முடைய சோலைவரியில் வருடப் பணத்தை ஜனவரி 31க்குள் ஒரேயடியாகக் கட்டினால் 10 வீதம் குறைகிறதே, அதையே எத்தனையோ பேர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கட்டுங்கள்.)

இனிக் கல்லுக்கு வருகிறேன்.

சின்னம்மாவின் வீட்டில் இருந்து நாலு வீடு தள்ளி நடைபாதையில் ஒரு சீமெந்துக் கல். பக்கத்தில் நிற்கும் மரத்தின் வேர் அதன் ஒரு மூலையைத் தூக்கிவிட்டது, ஒரு பெருவிரல் உயரம் இருக்கும். கடைக்குப் போகும்போது அவர் இழுத்துக்கொண்டு போகும் துணிப்பை வண்டியின் சில்லு ஒவ்வொரு தடவையும் அதில் முட்டும். ஜனவரியில் ஒருநாள் வண்டி கவிழ்ந்து உருளைக்கிழங்கு எல்லாம் நடைபாதையில் உருண்டிருக்கிறது, குனிந்து பொறுக்க முழங்கால் விடாது, யாராவது வரும்வரை அவர் அந்தக் குளிரில் அப்படியே நின்றிருக்கிறார். எனக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்து, அதுவும் வேறு ஏதோ கதைக்கு நடுவில்.

டிஸ்ட்ரிக்டுக்கு எழுதினேன். ஆறு வேலை நாள் கழித்துப் பதில் வந்தது, நடைபாதை கவுண்டியின் பொறுப்பு என்று. கவுண்டிக்கு எழுதினேன். ஆள் வந்து பார்த்து, கல்லைச் சுற்றி மஞ்சள் பெயின்டால் ஒரு சதுரம் கீறிவிட்டுப் போனார். அப்புறம் சத்தம் இல்லை. மூன்று கிழமைக்குப் பிறகு நானாக எடுத்துக் கேட்டபோது, கல்லைச் சமமாக வைக்க வேண்டுமென்றால் வேரை வெட்டவேண்டும், மரம் எங்களுடையதில்லை, டிஸ்ட்ரிக்டுடையது என்றார்கள். டிஸ்ட்ரிக்டில் மரங்களைப் பார்க்கும் பகுதிக்கு எடுத்தால், வேரைப் பார்க்காமல் வெட்ட அனுமதி தரமுடியாது, கல்லைக் கிளப்பினால்தான் வேர் தெரியும், கல்லைக் கிளப்புவது கவுண்டி. இப்படியே பெப்ரவரி, மார்ச், ஏப்ரல்.

இதில் எனக்கு மனவருத்தம் தந்தது தாமதம் கூட இல்லை. தொலைபேசியில் பேசிய எல்லோரும் நல்ல பிள்ளைகள். பெயரைச் சொன்னார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், "அன்ட்டி எப்படி இருக்கிறா" என்று ஒரு பெண் இரண்டாம் தடவை ஞாபகமாக விசாரித்தாள். ஆனால் மற்றச் சபையின் இலக்கத்தைத் தவிர எனக்குத் தருவதற்கு அவர்களில் ஒருவரிடமும் எதுவும் இருக்கவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக வந்தார்கள். முக்கால் மணி நேர வேலை. இரண்டு சபைகளுக்கும் இடையில் விழுந்த இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்றரைதான் தரமுடியும்.

நடுவில் எனக்கு உதவியது 'ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' என்ற தளம். 'மை சொசைட்டி' என்ற அறக்கட்டளை 2007இல் தொடங்கியது. வரைபடத்தில் இடத்தைக் குத்தி, என்ன பிரச்சினை என்று தெரிவு செய்தால், அது எந்தச் சபையின் வேலை என்று அந்தத் தளமே பார்த்துச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். குடிமகனுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லாத ஒன்றை அவனிடம் கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய மரியாதை. இலவசம், யாரும் பயன்படுத்தலாம். ஆனால் கல் ஒருவருக்கும் வேர் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கும்போது அந்தத் தளமும்தான் என்ன செய்யும்.

கல் சரியாகிச் சில மாதத்தில் சின்னம்மா வீட்டுக்கு ஒரு பிரசுரம் வந்தது. அவர் அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அழைத்தார். "தம்பி, இதில எந்தப் பெட்டிக்குள்ள புள்ளடி போடுறது?"

விஷயம் இதுதான். 2024 டிசம்பர் 16 அன்று, அப்போது துணைப் பிரதமராக இருந்த ஏஞ்சலா ரெய்னரின் அமைச்சு ஒரு வெள்ளை அறிக்கையை, அதாவது அரசின் கொள்கைத் திட்டத்தை, வெளியிட்டது. இங்கிலாந்தில் இரண்டடுக்குச் சபை இருக்கும் இடங்களில், அதாவது 21 கவுண்டி கவுன்சில்களும் அவற்றுக்குக் கீழே 164 டிஸ்ட்ரிக்டுகளும் இருக்கும் பகுதிகளில், இரண்டையும் கலைத்து எல்லா வேலையையும் பார்க்கும் ஒரே அடுக்குச் சபைகளை உருவாக்குவதுதான் திட்டம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்பது வழிகாட்டி எண். இதற்கு மேலே பல சபைகள் சேர்ந்து ஒரு மேயரின் கீழ் போக்குவரத்து, வீடமைப்பு, தொழில் பயிற்சி போன்றவற்றைப் பார்க்கும் பெரிய அமைப்பு. கீழே மக்களுக்கு, அயலுக்கு என்று சில உரிமைகள். இவற்றுக்கான சட்டமூலத்தை 2025 ஜூலை 10 அன்று பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். சரே கவுண்டிதான் முந்திக்கொண்டது. அங்கே கவுண்டியையும் 11 டிஸ்ட்ரிக்டுகளையும் எடுத்துவிட்டுக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு சபையாக்க 2025 அக்டோபரில் முடிவானது. புதிய சபைகள் வேலையைப் பொறுப்பேற்பது 2027 ஏப்ரலில்.

சின்னம்மாவுக்கு வந்தது அவருடைய பகுதியை எத்தனை துண்டாக்கலாம் என்று கருத்துக் கேட்கும் பிரசுரம். அச்சு அழகு, வரைபடம் தெளிவு, எழுத்துப் பெரிது. ஆனால் அதில் இருந்த பத்துப் பதினொரு கேள்விகளில் ஒன்று கூடச் சின்னம்மாவின் கல்லைத் தொடவில்லை. "சேமிப்பு", "வினைத்திறன்", "மீள்தன்மை" என்று போகிறது. புதிய சபையில் உங்கள் ஊருக்கு ஆள் எங்கே இருப்பார், அவரால் என்ன முடிவெடுக்க முடியும் என்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்தப் பிரசுரத்துக்கு இரண்டு.

கல்லோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டிய ஒருவனாக, ஒன்றாக்குவது நல்லது என்றுதான் என் முதல் மனம் சொன்னது. வேரும் கல்லும் ஒரே சபைக்குச் சொந்தமானால் ஒரே தொலைபேசி அழைப்பு. குப்பையை எடுப்பவரும் கொட்டுபவரும் ஒருவரானால் எங்கே கொட்டுகிறோம் என்ற கவலை எடுப்பவருக்கும் இருக்கும். கொழும்பில் இருக்கிற நாங்கள் இதை மீதொட்டமுல்லையில் பார்த்தோம். கொழும்பு நகரத்தின் குப்பை வருடக் கணக்காக நகர எல்லைக்கு வெளியே கொலன்னாவைப் பகுதியில் மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மலையின் அடியில் குடியிருந்தவர்களுக்குக் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. ஒரு சபை எடுத்து இன்னொரு சபையின் எல்லைக்குள் கொட்டும்போது, பாதிக்கப்படுகிறவன் யாரிடம் போய்க் கேட்பான்? எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது அன்று வீடுகளின் மேல் வந்து விழுந்தது.

ஆனால் ஒன்றாக்கிய இடங்களைப் பற்றி வாசிக்க வாசிக்க மனம் அவ்வளவு லேசாக இல்லை. 2023 ஏப்ரலில் சோமர்செட்டில் கவுண்டியும் நான்கு டிஸ்ட்ரிக்டுகளும் ஒன்றாகின. அதே வருடம் நவம்பரில் அந்தப் புதிய சபை நிதி அவசரநிலை அறிவித்தது. முதியோரையும் பிள்ளைகளையும் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும்போது, பெயர்ப் பலகைகளை ஒன்றாக்குவதால் மிச்சம் பிடிக்கிற காசு அதற்குக் காணாது. நோர்தம்ப்டன்ஷயரில் 2018இல் கவுண்டி காசில்லை என்று கையை விரித்ததால்தான் 2021இல் அதை எடுத்துவிட்டு இரண்டு புதிய சபை வைத்தார்கள். கடன் வேறு. சரேயின் வோக்கிங் நகரச் சபை உயர்ந்த கட்டடங்களிலும் ஹோட்டலிலும் முதலீடு செய்து, ஏறக்குறைய 200 கோடி பவுண் கடனோடு 2023 ஜூனில் இனிச் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. இப்போது மேற்கு சரேயில் பக்கத்து ஊர்க்காரர்களும் அதே குடைக்குள் வருகிறார்கள். அரசு 50 கோடி பவுண் கடனைத் தானே அடைப்பதாகச் சொன்னது, மிச்சத்தை நினைத்து அந்த ஊர்க்காரர்கள் பயப்படுவதில் ஞாயம் இருக்கிறது.

இன்னொன்று தூரம். நோர்த் யோர்க்ஷயரில் 2023இல் கவுண்டியையும் ஏழு டிஸ்ட்ரிக்டுகளையும் ஒன்றாக்கினார்கள். 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், 6 லட்சத்துக்குச் சற்றுக் கூடிய மக்கள், மொத்த உறுப்பினர் 90 பேர். இதைக் கொழும்போடு வைத்துப் பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் நகரத்துக்குள் 5 லட்சத்து 61 ஆயிரம் பேர், பரப்பு 37 சதுர கிலோமீட்டர், மாநகர சபையில் 117 பேர். உறுப்பினர் கூடினால் வேலை நடக்கும் என்று நான் சொல்லவில்லை, இங்கே எத்தனையோ பேர் இருந்தும் ஒரு வாய்க்கால் மூடிக்கு அலைந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வட்டாரத்து உறுப்பினரைக் காலை நடை போகும்போது மரைன் டிரைவில் மறித்து நாலு வார்த்தை கேட்கலாம். கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நாளைக்கும் அதே பாதையால்தான் நடப்பார். நோர்த் யோர்க்ஷயர் மாதிரி விரிந்த ஒரு இடத்தில் சின்னம்மா போன்ற ஒருவர் யாரை எங்கே மறிப்பது?

மேலே இருந்து அதிகாரம் இறங்கி வரும் பக்கம் மட்டும் எனக்குப் பொறாமை தருகிறது. கிரேட்டர் மான்செஸ்டரில் 2017இல் முதல் மேயர் தேர்தல் நடந்தது, அண்டி பேர்னம் வந்தார். லண்டனுக்கு வெளியே 1986 முதல் பஸ் கம்பனிகள் விரும்பிய பாதையில் விரும்பிய விலைக்கு ஓடிக்கொண்டிருந்தன. மான்செஸ்டர்தான் முதலில் அதை மாற்றியது, 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரி 5க்குள் முழு நகரத்தின் பஸ்களும் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டன. எல்லாம் ஒரே மஞ்சள் நிறம், பாதையும் நேரமும் கட்டணமும் முடிவெடுப்பது நகரம். சின்னம்மாவின் சிநேகிதி அங்கே இருக்கிறார், பஸ் வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிகிறதாம். கொழும்பின் காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களுக்குக் கைகாட்டி நிற்கும் எனக்கு அது பெரிய விஷயம். எங்கள் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாணத்தின் அதிகார சபை. அந்த மாகாண சபையோ 2019 முதல் ஆண்டுக்கணக்காகத் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் ஆளுநரின் கீழ் நடந்தது.

அதிகாரப் பகிர்வு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்தபோது எங்கள் வீட்டு மேசையில் பெரியவர்கள் அதைப் பற்றிச் சத்தம் போட்டுக் கதைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை சுற்றுப் பேச்சு, எத்தனை அறிக்கை. ஆகவே ஒரு அரசு தன் கையில் இருப்பதைக் கீழே கொடுக்கிறேன் என்றால் நான் முதலில் பார்ப்பது மூன்றே விஷயம்: காசு கூட வருகிறதா, திருப்பி எடுக்க முடியுமா, தேர்தல் நேரத்துக்கு நடக்குமா. காசு விஷயத்தில் மான்செஸ்டருக்கும் வெஸ்ட் மிட்லண்ட்ஸுக்கும் 2025 ஏப்ரல் முதல் துறை துறையாகக் கையேந்தாமல் ஒரே தொகையாகக் கொடுத்துத் தாங்களே பிரித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள், அது உண்மையான முன்னேற்றம். திருப்பி எடுப்பதைப் பொறுத்தவரை இங்கிலாந்தில் எல்லாம் பாராளுமன்றத்தின் சாதாரண சட்டம்தான், இன்று கொடுத்ததை நாளை எடுக்கலாம். 1986இல் லண்டன் பெருநகரச் சபையையே ஒரு சட்டத்தால் இல்லாமல் செய்தார்கள், லண்டனுக்கு மீண்டும் ஒரு நகரளாவிய ஆட்சி வர 2000 ஆனது.

தேர்தல்தான் எனக்கு வலிக்கும் இடம். மறுசீரமைப்பைக் காரணம் காட்டி 2025 மேயில் நடக்கவேண்டிய தேர்தலை ஒன்பது சபைகளில் தள்ளிப்போட்டார்கள். ஒரு வருடத்தில் இல்லாமல் போகிற சபைக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்பது கேட்க நன்றாக இருக்கிறது. இதே மாதிரி நல்ல காரணத்தை நாங்களும் கேட்டோம். 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய எங்கள் உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று நின்றது, அந்த மாதமே சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே 6 வரைக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் மறிக்க ஒரு உறுப்பினர் இல்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஒழுங்கை விளக்கு ஒன்று எரியாமல் போனபோது யாரிடம் சொல்வது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு நின்றோம். ஆகவே தள்ளிப்போடுவதை ஒரு சின்ன நிர்வாக விஷயமாக என்னால் பார்க்க முடியாது. இதற்கு என் கணக்கில் ஒரு நட்சத்திரம் குறைகிறது, அதில் பேரம் இல்லை.

கடைசியில் அயலுக்குக் கொடுக்கும் உரிமைகள். இதைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, ஆனால் எங்களுக்கு அதிகம் தேவை இதுதான். சின்னம்மாவின் ஊரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பது டிஸ்ட்ரிக்டுக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபத்தில். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பின்பக்க அலுமாரி ஒன்றில் பாலர் வகுப்புப் புத்தகங்களும் நவராத்திரிக்கு வைக்கும் படிகளும் இருக்கின்றன, சாவி சின்னம்மாவிடம். டிஸ்ட்ரிக்ட் இல்லாமல் போனால் மண்டபம் புதிய பெரிய சபைக்குப் போகும், அந்தச் சபைக்கு அது பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான கட்டடங்களில் ஒன்று. விற்றால்? 2011 சட்டப்படி ஊருக்குப் பயனான இடம் என்று முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால், விற்பனைக்கு வரும்போது ஊரார் காசு சேர்க்க ஆறு மாதம் கிடைக்கும், ஆனால் வாங்கக் கேட்கலாமே தவிர விற்பவர் அவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றில்லை. 2025 ஜூலையில் கொண்டுவந்த அந்தச் சட்டமூலம் அதை 12 மாதமாக்கி, வாங்கும் முதல் உரிமையையும் ஊராருக்கே கொடுக்கிறது. இது கடதாசியில் இருப்பதைப் போல நடந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன். ஆனால் பதிந்து வைக்க வேண்டும். வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லச் சொல்லி மூன்று தடவை சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன், நாலாவது தடவை நானே அவர்களை அழைத்துப் பேசினேன். இப்போது விண்ணப்பம் எழுதுகிறார்கள்.

பிரசுரத்தின் கடைசியில் வேறு ஏதும் சொல்ல விரும்பினால் எழுதுங்கள் என்று ஒரு பெட்டி இருந்தது. அதைச் சின்னம்மா வாயால் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அவர் சொன்னது இப்படி: "எனக்கு ரெண்டோ மூண்டோ எண்டது பிரச்சினையில்லை. எங்கட ஊருக்குள்ள ஒரு மேசை இருக்கவேணும். அந்த மேசையில இருக்கிற ஆளுக்கு, ஓம், செய்யுறன் எண்டு சொல்லுற அதிகாரம் இருக்கவேணும்." நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அனுப்பினேன், கிடைத்ததாக ஒரு மின்னஞ்சல் வந்தது.

என்னைப் போல இங்கிருந்து அங்கே உள்ள பெரியவர்களுக்கு இந்த வேலை செய்கிறவர்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உதவியோடு குப்பை எடுக்கும் சேவையைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். ஊனமுற்றோருக்கான நீல வாகன அட்டை கவுண்டியிடம், வரிக் குறைப்பு டிஸ்ட்ரிக்டிடம், மாறிக் கேட்டால் ஒரு மாதம் போய்விடும். சபை மாறும் வருடத்தில் பழைய இலக்கங்களையும் கடிதங்களையும் எறியவேண்டாம். நடைபாதைக் கல்லுக்கு முறைப்பாடு போடுவதென்றால் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை நிறுத்தி வைத்து எடுக்கச் சொல்லுங்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால்தான் ஆள் அனுப்புகிறார்கள். சின்னம்மாவின் படத்தில் 34 இருந்தது.